பாதி வாடகை… முழு நோட்டீஸ்!

“இந்த மாசம் ஏழாயிரம்தான்க்கா புரட்ட முடிஞ்சுது. மீதியைப் பதினஞ்சாம் தேதிக்குள்ள குடுத்துடறேன்.”

“போன மாசமும் இதையேதானேம்மா சொன்னே?”

ஐந்தாம் தேதியை ஒட்டிய நாட்களில், வியாசர்பாடியிலோ பல்லாவரத்திலோ ஏதாவது ஒரு மாடிப்படியில் இந்தப் பேச்சு நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஓனரம்மா சலித்துக்கொண்டே எண்ணி வாங்கிக்கொள்கிறார். ரசீது என்ற பேச்சே எழுவதில்லை. பதினைந்தாம் தேதி வரும்போது டேர்ம் ஃபீஸ் கேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வருகிறது, இல்லாவிட்டால் வண்டி டியூ நிற்கிறது. மீதி ஐயாயிரம் அடுத்த மாதத்தின் தலையில் ஏறுகிறது. நாலு மாதம் இப்படியே ஓடியபின் ஒருநாள், தபால்காரர் ஒரு கவரை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார். வக்கீல் நோட்டீஸ். பாக்கியைக் கட்டு, இல்லையேல் வீட்டைக் காலி செய்.

“நான்தான் மாசாமாசம் குடுத்துட்டுத்தானே இருக்கேன்!” என்பதுதான் அதைப் படித்ததும் குடித்தனக்காரர் வாயில் வரும் முதல் பேச்சு. பொய்யில்லை, மாதம் தவறாமல் கொடுத்துத்தான் இருக்கிறார். முழுசாகத்தான் கொடுக்கவில்லை. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதவரும், முடிந்ததைக் கொடுத்துக்கொண்டே வந்தவரும் சட்டத்தின் முன் ஒன்றா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கான பதில் 2019-ல் மாறிவிட்டது. பழைய பதிலை நம்பிக்கொண்டிருப்பவர்கள்தான் இன்று அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

காரணம் கேட்ட சட்டம்

உலக யுத்த காலத்து வீட்டுப் பஞ்சத்தில் பிறந்தது மதராஸின் வாடகைக் கட்டுப்பாடு. 1946, 1949 ஆண்டுகளின் சட்டங்களைத் தொடர்ந்து 1960-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏறத்தாழ 60 ஆண்டுகள் இந்த மாநிலத்தின் ஓனரையும் குடித்தனக்காரரையும் கட்டி மேய்த்தது. அந்தச் சட்டத்தில், வாடகை பாக்கி என்று மனு வந்தாலும் எடுத்தவுடன் காலி செய்யச் சொல்லிவிட மாட்டார்கள். வேண்டுமென்றே நிறுத்தினாரா, முடியாமல் நிறுத்தினாரா என்று பார்ப்பார்கள். கோர்ட் வராந்தாவில் இதற்கு ‘வில்ஃபுல் டிஃபால்ட்’ என்று பெயர். வேண்டுமென்று செய்யவில்லை என்று அதிகாரிக்குப் பட்டால், 15 நாட்களுக்கு மிகாமல் அவகாசம் தருவார். அதற்குள் கட்டிவிட்டால் மனு தள்ளுபடி. ஓனர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தும் பாக்கி நீடித்தால், அது வேண்டுமென்றே செய்தது என்று எடுத்துக்கொள்ளப்படும். இந்த ஓர் அம்சத்தை விளக்கவே 1985-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்குகளை வைத்து நீண்ட தீர்ப்பு ஒன்றை எழுதியது.

ஓனர்களுக்கு அந்தக் காலம் கசப்பானது. அப்பா போட்ட வழக்கை மகன் நடத்தினார். பாரிமுனைப் பக்கம் டீ செலவுக்குக்கூடக் காணாத வாடகையில் கடைகள் தலைமுறை தாண்டின. வீட்டைப் பூட்டி வைத்தாலும் வைப்பேனே தவிர வாடகைக்கு விடமாட்டேன் என்று சொன்னவர்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. அவர்கள் வயிற்றெரிச்சலில் நியாயம் இருந்தது.

அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாகத்தான் 2017-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டது. சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் என்று நீளமான பெயர். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. இதன் 21-வது பிரிவுதான் குடித்தனக்காரரை எந்தெந்தக் காரணத்துக்காக வெளியேற்றலாம் என்று சொல்கிறது. வாடகை பாக்கி விஷயத்தில் அது கேட்பது மூன்றே விஷயம். இரண்டு மாத பாக்கி இருக்கிறதா? அதைக் கேட்டு முறைப்படி நோட்டீஸ் போனதா? நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள், வட்டி உட்பட, பாக்கி முழுமையாகக் கட்டப்பட்டதா? கட்டப்படவில்லை என்றால் வாடகை நீதிமன்றம் காலி செய்ய உத்தரவிடலாம்.

ஏன் கட்ட முடியவில்லை என்பது இந்தப் பட்டியலில் இல்லை. வேலை போனதா, வீட்டில் யாராவது படுத்துவிட்டார்களா, சம்பளம் தராமல் கம்பெனி இழுத்தடிக்கிறதா, எதுவும் இல்லை. இழுத்தடிக்கும் வழக்குகளை ஒழிக்க வேண்டும் என்ற அவசரத்தில், இயலாதவரையும் ஏமாற்றுகிறவரையும் பிரித்துப் பார்த்த ஒரே சல்லடையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து. ஆனால் அப்படிச் சொல்லிப் புலம்புவதால் நோட்டீஸ் வந்தவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவருக்குக் கிடைத்திருப்பது ஒரு மாதம். சட்டத்தில் அவருக்கென்று எழுதிவைத்திருக்கும் பெரிய பாதுகாப்பு அந்த ஒரு மாதம்தான். அதற்குள் பாக்கியை முழுசாகத் தீர்த்துவிட்டால், வாடகை பாக்கி என்ற காரணத்தைக் காட்டி அவரை அசைக்க முடியாது. ‘முடிஞ்சவரைக்கும் கட்டிட்டேனே’ என்பது மட்டும் இங்கே எடுபடாது.

ஏழாயிரம் எந்த மாதத்துக் கணக்கு?

பாதி கொடுத்தவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59 முதல் 61 வரையிலான பிரிவுகள். வாடகைக்கு என்று எழுதிய பிரிவுகள் அல்ல, எல்லாக் கடனுக்கும் பொது. பல கடன் பாக்கி வைத்திருப்பவர் பணம் கட்டும்போது, ‘இது இந்தக் கடனுக்கு’ என்று சொல்லிக் கொடுத்தால், வாங்கிக்கொள்பவர் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால், வாங்குபவர் தன் விருப்பப்படி வரவு வைத்துக்கொள்ளலாம். இருவருமே சொல்லவில்லை என்றால், பழைய கடன் முதலில் தீர்ந்ததாகக் கணக்கு.

வாடகை 12,000 என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் ஏழாயிரம், ஜூலையில் ஏழாயிரம். ஒவ்வொன்றும் அந்தந்த மாதத்துக்கு என்று கொடுத்திருந்தால் ஜூனில் ஐயாயிரம், ஜூலையில் ஐயாயிரம், ஆக இரண்டு மாதமும் குறைதான். அதே 14,000 ரூபாயைப் பழைய பாக்கிக்கு முதலில் என்று கொடுத்திருந்தால் ஜூன் வாடகை முழுசாகத் தீர்ந்துபோகிறது. ஜூலையில் மட்டும் பத்தாயிரம் நிற்கிறது. பாக்கித் தொகை ஒன்றேதான். ஆனால் முதல் கணக்கில் இரண்டு மாத பாக்கி, இரண்டாவது கணக்கில் ஒரு மாத பாக்கி. இரண்டு மாதம் ஆகாமலே நோட்டீஸ் விட்டுவிட்டார்கள் என்று வக்கீல் எழுந்து வாதாட இதில் இடமிருக்கிறது. நீதிபதி அதை ஏற்கிறாரா என்பது வழக்குக்கு வழக்கு மாறும். ஆனால் இப்படி ஒரு வாதத்தை வைப்பதற்கே, பணம் எந்தக் கணக்கில் போனது என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும். ஜிபேயில் அனுப்பும்போது குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் ‘பழைய வாடகை பாக்கிக்கு’ என்று தட்டினால் போதும். நம்மில் பெரும்பாலோர் அதில் ஒரு கும்பிடு பொம்மையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் ஓட்டவும் முடியாது. அதே ஏழாயிரத்தை நாலு மாதம் கட்டினால் மொத்தம் 28,000. பழைய பாக்கிக்கு முதலில் என்று வைத்தாலும் இரண்டு மாதம்தான் தீரும். மூன்றாவது மாதத்தில் எட்டாயிரம் குறையும், நாலாவது மாதம் முழுசாக நிற்கும். எப்படித் திருப்பிப் போட்டாலும் இரண்டு மாதம் வந்துவிடுகிறது.

ரசீது கேட்க நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். “அம்மா தப்பா நினைச்சுக்குவாங்க” என்பார்கள். வாடகை கொடுத்தால் அங்கேயே எழுத்துபூர்வமாக ரசீது பெற வாடகைதாரருக்கு உரிமை உண்டு என்று சட்டமே சொல்கிறது. ஓனர்கள் கொடுக்கத் தயங்குவதற்கு வேறு காரணமும் உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வாடகை கட்டி, அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கேட்பவர் ஓனரின் பான் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். அந்த எண் போனால் வாடகை வருமானம் வரிக் கணக்கில் தெரிந்துவிடும். அதனால் ‘கேஷாவே குடுத்துடுங்க தம்பி’. இல்லாவிட்டால் பணம் வெளியூரில் இருக்கும் மகன் நம்பருக்குப் போக வேண்டும். சண்டை வந்தபிறகு, அது கைமாற்றாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தது, வாடகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பேச்சு மாறும். மகன் நம்பருக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றால், ‘நீங்கள் சொன்னபடி ஆகஸ்ட் வாடகையை உங்கள் மகன் நம்பருக்கு அனுப்பியிருக்கிறேன்’ என்று ஓனருக்கு அன்றே ஒரு வாட்ஸ்அப் தட்டிவிடுங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ஃபியூஸைப் பிடுங்கலாமா?

பாக்கி இருக்கிறது என்பதாலேயே ஓனர் நேரே வந்து வெளியேற்றிவிட முடியாது. இரண்டு மாதம் அல்ல, இருபது மாத பாக்கி என்றாலும் இதேதான் நிலை. வீட்டைக் காலி செய்ய வைக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். உத்தரவை நிறைவேற்ற கோர்ட் அமீனா வர வேண்டும். மச்சானும் மச்சானின் சிநேகிதர்களும் வந்து சாமானைத் தெருவில் வைப்பது சட்டப்படி செல்லாது. ஒப்பந்தக் காலம் முடிந்துபோனவரைக்கூட சட்டத்துக்கு வெளியே பலவந்தமாக வெளியேற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்படி வெளியேற்றப்பட்டால், 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 6-வது பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே போகலாம். வீடு யாருடையது என்ற கேள்வியே அந்த வழக்கில் எழாது. நேற்றுவரை யார் இருந்தார், சட்டப்படி வெளியேற்றினார்களா, இல்லையா என்பது மட்டும்தான்.

அடாவடி செய்யாமல் நாசூக்காகத் தொல்லை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். காலையில் மோட்டார் போட மாட்டார்கள். மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். கேட்டின் பூட்டு மாறியிருக்கும். கைக்குழந்தையோடு இருக்கும் வீட்டுக்குத் தண்ணீர் நின்றால் இரண்டே நாளில் தானாகப் போய்விடுவார்கள் என்ற கணக்கு. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனரோ, அவர் வைத்திருக்கும் மேனேஜரோ நிறுத்தக் கூடாது என்று புதுச் சட்டம் தடுக்கிறது. வாடகை பாக்கி இருந்தாலும் இந்தத் தடை உண்டு. வாடகை ஆணையத்திடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும்வரை வசதிகளைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட அதற்கு அதிகாரம் இருக்கிறது. வாடகை ஆணையம் என்றால் பெரிய கட்டடம், கறுப்புக் கோட்டு என்று மலைக்க வேண்டாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி, அவ்வளவுதான்.

இன்னொரு வழக்கம், ஸ்டேஷனுக்குப் போவது. “ஐயா, வாடகை குடுக்க மாட்டேங்கறான், கொஞ்சம் கூப்பிட்டு மிரட்டுங்க.” வாடகை பாக்கி சிவில் விவகாரம். அதில் காவல் துறைக்கு வேலை இல்லை. ஊரடங்கு காலத்தில், 2020 ஆகஸ்டில், சென்னை புழல் பகுதியில் வாடகை பாக்கிப் புகாரை விசாரிக்கப் போன காவல் அதிகாரி தாக்கினார் என்ற வேதனையில் ஒரு தொழிலாளி உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த அதிகாரி சஸ்பெண்ட் செய்யப்பட்டார். அந்த ஆண்டு மார்ச் 29 அன்றே, தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டிருந்தது. ஆனால் ஊரடங்கும் வருமானமில்லாத நிலையும் அந்த ஒரு மாதத்தோடு முடியவில்லை.

நோட்டீஸ் வந்தால்

வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று யாராவது நிச்சயம் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். தபாலைப் பதிவு செய்து சரியான விலாசத்துக்கு அனுப்பிவிட்டால், மறுத்தாலும் கிடைத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். நேரில் கொடுக்கலாம், வீட்டில் இருக்கும் குடும்பத்தாரிடம் கொடுக்கலாம், அதுவும் முடியாதபோது கதவில் ஒட்டலாம் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-வது பிரிவு வழி வைத்திருக்கிறது. திருப்பி அனுப்புவதால் நடப்பது ஒன்றுதான். உங்களுக்கான அந்த ஒரு மாதம் உங்களுக்குத் தெரியாமலே கரையத் தொடங்கும்.

வாங்கிப் பிரித்து, அதில் எழுதியிருக்கும் தொகையை முதலில் சரிபாருங்கள். பாதி பாதியாகக் கொடுத்தவர்கள் விஷயத்தில் நோட்டீஸில் இருக்கும் கணக்கு பல சமயம் உப்பியிருக்கும். கையில் கொடுத்த ரொக்கம் வரவில் இருக்காது. பெயின்ட் அடித்த செலவு, தண்ணீர் லாரிப் பணம், யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனரே வைத்த கரன்ட் கணக்கு எல்லாம் உள்ளே நுழைந்திருக்கும். தகராறு இருக்கிறது என்பதற்காகச் சும்மா உட்காரக் கூடாது. ஒப்புக்கொள்ளும் தொகையை ஒரு மாதத்துக்குள் வங்கி வழியாகக் கட்டிவிட்டு, மீதியை ஏன் ஏற்கவில்லை என்று தேதிவாரியாகப் பதில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தகராறுத் தொகை சின்னது என்றால், ஆட்சேபணையைப் பதிவு செய்துவிட்டு அதையும் சேர்த்துக் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ரோஷத்துக்காக வீடு போகக் கூடாது. ஓனர் வேண்டுமென்றே வாங்க மறுத்தால், மணியார்டர் போன்ற ஏதாவது வழியில் அனுப்பி, அது திரும்பி வந்ததற்கான அத்தாட்சியோடு வாடகை ஆணையத்திடம் பணத்தைச் செலுத்தச் சட்டத்தில் வழி உண்டு.

நோட்டீஸுக்குப் பிறகு ஓனர் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டாரே, அதோடு நோட்டீஸ் செத்துவிட்டது என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. விவரமான ஓனர் வாங்கும்போதே, என் உரிமைக்குப் பாதகமில்லாமல் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதி வைத்துவிடுவார்.

அடுத்தது, “அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க.” பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடியேறிப் பழகிய சென்னையில் இது இயல்பான பேச்சுதான். பழைய சட்டத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது. அதனால்தான், ஓனர் கையில் இருக்கும் கூடுதல் அட்வான்ஸைப் பாக்கிக்கு ஈடுகட்டலாம், அதை வேண்டுமென்றே நிறுத்தியதாகக் கொள்ள முடியாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதுச் சட்டத்தின் பொது விதி மூன்று மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்பித் தர வேண்டிய பணம் அது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலோ, ஓனர் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ தவிர, மாத வாடகைக்கு அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லி நிம்மதியாக இருந்துவிட முடியாது. பத்து மாத அட்வான்ஸ் ஓனர் கையில் இருக்கும்போது இரண்டு மாத பாக்கிக்கு ஒரு குடும்பத்தை வெளியேற்றுவது நியாயமா என்று வாடகை நீதிமன்றத்தில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்த ஒரு வாதத்தை மட்டும் நம்பி நோட்டீஸ் மாதத்தைக் கோட்டைவிடக் கூடாது.

ஒப்பந்தம் இல்லாத வீடு

இங்கே பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எல்லா வாடகையும் எழுத்து ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது புதுச் சட்டம். பதினோரு மாதத்துக்குப் பத்திரத்தில் எழுதி பீரோவில் வைக்கும் வழக்கம், சார்பதிவாளர் பதிவைத் தவிர்க்க வந்தது. வாடகை ஆணையப் பதிவு வேறு. பழைய குடித்தனம், வாய்ப்பேச்சிலேயே ஓடுகிறது என்றால் இன்னும் சிக்கல். ஒப்பந்தம் போட்டுக்கொள்ளத் தவறியதையே காலி செய்யச் சொல்லக் காரணமாக அதே 21-வது பிரிவு வைத்திருக்கிறது. வாடகை பாக்கியைப் பைசா சுத்தமாகக் கட்டிவிட்டு வந்து நின்றாலும், ஓனர் அந்தக் கதவு வழியாக வரலாம். ஒப்பந்தம் போட வராதவர் ஓனர்தான் என்றால், நீங்கள் அழைத்ததற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும்.

ஓனர் என்றால் எப்போதும் மாளிகைக்காரர் இல்லை. கணவர் ரிட்டயரான பணத்தில் மேலே ஒரு போர்ஷன் கட்டி, அதன் வாடகையில் மருந்து மாத்திரை வாங்கும் அம்மாவுக்கும் மாதம் ஐயாயிரம் குறைந்தால் வலிக்கும். பாதி வாடகைச் சண்டைகளில் பலவற்றில் இரண்டு பக்கமும் இல்லாதவர்கள்தான். அதனால்தான் கோர்ட்டுக்குப் போகும் முன்போ, போன பிறகோ, தவணையாகக் கட்டும் ஏற்பாட்டுக்கு ஓனரே பல நேரம் இறங்கி வருகிறார். அந்த ஏற்பாட்டையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

வழக்கு என்று வந்துவிட்டால் சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் வாடகை நீதிமன்றம் நடக்கிறது. பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களை வைத்தே விசாரணை என்பதால், பழைய காலம்போல வாய்தா வாங்கியே வருடங்களைத் தள்ள முடியாது. உத்தரவு எதிராக வந்தால் 30 நாட்களுக்குள் வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு. உத்தரவுக்குப் பிறகும் சும்மா உட்கார்ந்திருப்பவர் வாடகையை மடங்குக் கணக்கில் இழப்பீடாகக் கட்ட நேரிடும்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், வருமான வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவது அரசின் கடமை. பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் போதும். வாடகை ஒப்பந்தம் மனைவி பெயரில் இருந்தால் அவர் பெயரிலேயே மனு கொடுக்கலாம். சட்டப் பணிகள் ஆணையம் நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில், பாக்கியை ஆறு தவணையில் கட்டுகிறேன், அதுவரை குடியிருக்கிறேன் என்பது போன்ற சமரசத்துக்கு வந்தால், அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே, கட்ட முடிகிற தவணையை மட்டும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். இரண்டாவது தவணை தவறினால், புதிதாக வழக்குப் போடாமலே ஓனர் அதை நிறைவேற்றக் கேட்டு மனு போடலாம்.